சிறிய நினைவகத்தில் பெரிய கணக்கு: கைக்கருவிக்குச் செயலி எழுதுவிக்கும் முறை

நம் சங்க உறுப்பினர்கள் பலர் இப்போது ஆர்டர் எடுக்க, பில் போட, பாக்கி வசூலைக் குறிக்கத் தங்கள் கடைக்கென்றே ஒரு செயலி செய்து தரும்படி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செய்து தருபவர் அதைத் தம் அலுவலகத்தில், விலை உயர்ந்த போனில் ஓட்டிக் காட்டுகிறார். நாமும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறோம். அது ஓட வேண்டிய இடமோ லைனுக்குப் போகும் பையனின் சட்டைப்பையில் கிடக்கும் ஐந்து வருடப் பழைய போன். அல்லது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும், ரசீது அடிக்கும் சின்னக் கைக்கருவி. இவற்றில் நினைவகம் குறைவு. அந்தக் குறைவை மனதில் வைத்து எழுதப்படாத செயலி, கூட்ட நேரம் பார்த்துக் காலை வாரிவிடும்.

புரோகிராம் எழுதுவது நம் தொழில் இல்லை. வீடு கட்டுகிறவனுக்குக் கொத்து வேலை தெரியாவிட்டாலும் கலவையில் எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி சிமெண்ட் என்று தெரிந்திருந்தால் நல்லது அல்லவா? அந்த அளவுக்கு இதையும் தெரிந்துகொள்வோம்.

கடை மேடையும் கிட்டங்கியும்

கருவிக்குள் இருவகை இடம் உண்டு. ஒன்று சேமிப்பிடம். இது நம் கிட்டங்கி மாதிரி. மின்சாரம் போனாலும் சரக்கு அங்கேயே இருக்கும். போன் வாங்கும்போது 32 ஜிபி, 64 ஜிபி என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான். மற்றொன்று ரேம் எனப்படும் வேலை நினைவகம். இது கடை மேடை. எடை போடுவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் மேடையில்தான். கருவியை நிறுத்தினால் மேடையில் இருந்தது அத்தனையும் போய்விடும். போன் 64 ஜிபி என்பதைக் கேட்டு மயங்கக் கூடாது. கிட்டங்கி பெரிதாக இருந்து மேடை இரண்டு அடியாக இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

மேடை ஒன்று, அதில் இடம் கேட்பவர்கள் பலர். ஆண்ட்ராய்டு போனில் மேடை நிரம்பினால், திரையில் இல்லாத செயலிகளை அதுவே தூக்கி வெளியே வைத்துவிடும். நம்மிடம் கேட்காது. இதில் தவறும் இல்லை. அப்படிச் செய்யாவிட்டால் வருகிற அழைப்பைக்கூட எடுக்க முடியாது. வெளியே தூக்கி வைக்கப்படுவோம் என்று தெரிந்தே நம் செயலி எழுதப்பட்டிருக்க வேண்டும். பாடத்தின் முக்கியமான இடம் இதுதான்.

எங்கள் மண்டிக்கு ஒரு நிறுவனத்தார் ஆர்டர் செயலி செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வண்ணப் படம், பார்க்க அழகு. முதல் வாரத்திலேயே லைன் பையன் ஒரு கடையில் 37 உருப்படி ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் செயலி புதிதாகத் திறந்து நிற்கிறது. ஆர்டர் வெற்றுத் தாள். "அண்ணாச்சி, மறுபடி முதல்லேர்ந்து கேட்டா கடைக்காரர் ஏசுவாரு, என்ன செய்ய?" என்று அங்கிருந்தே போன் செய்தான். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியுமா? மாலை ஆறு மணிக்கு அவர் கடையில் நிற்கும் கூட்டம் நமக்குத் தெரியாததா? அந்த ஆர்டர் அன்று வேறு மண்டிக்குப் போனது.

அந்தச் செயலியில் இருந்த கோளாறுகள் இரண்டு. படங்களால் மேடையை அடைத்தது ஒன்று. 37 உருப்படியையும் மேடையிலேயே வைத்திருந்து, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கிட்டங்கிக்கு அனுப்பும் என்று வைத்தது மற்றொன்று.

128 கிலோபைட்டில் நடந்த வியாபாரம்

இந்த இரண்டையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சரியாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பாம் நிறுவனம் 1996-ல் பைலட் என்ற கைக்கருவியை வெளியிட்டது. முகவரி, நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைப் பட்டியல், குறிப்பு ஆகியவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ள உதவும் கருவி. பைலட் 1000 என்ற மாதிரியின் மொத்த நினைவகம் 128 கிலோபைட்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் பிடிக்கும். 1,024 பைட் சேர்ந்தது ஒரு கிலோபைட். 1,024 கிலோபைட் ஒரு மெகாபைட், 1,024 மெகாபைட் ஒரு ஜிகாபைட். ஆக, ஒரு ஜிபி நினைவகம் உள்ள இன்றைய மலிவு போனில் 8,192 பைலட்டுகளின் நினைவகம் அடங்கும். அந்த மலிவு போனைத்தான் "மெமரி பத்தவில்லை" என்று திட்டுகிறோம்!

பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்கும் முன்பே அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பது போல் பாவனை செய்வாராம். வேடிக்கையாகத் தோன்றினாலும், வேலை நடக்கும் இடத்தில் கருவியை வைத்துப் பார்ப்பது என்ற வழக்கம் இதில் இருக்கிறது. நம் செயலி எழுதுபவர்களில் எத்தனை பேர் லைன் பையனோடு ஒரு நாள் வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்கள்?

அந்த 128 கிலோபைட்டில் புரோகிராம்கள் ஓடும் மேடைக்குக் கிடைத்தது சுமார் 32 கிலோபைட். மீதி, பதிவுகள் இருக்கும் பகுதி. கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறந்தால் அதன் நகல் ஒன்று மேடைக்கு வரும். திருத்திய பின் மறுபடி சேமிக்க வேண்டும். அதாவது ஒரே சரக்குக்கு இரண்டு இடத்தில் இடம். பைலட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேயே அதைத் திருத்தும்படி அமைத்தார்கள். கிட்டங்கியில் மூட்டை இருக்கும் இடத்துக்கே போய்ச் சீட்டை மாற்றி ஒட்டுவது போல. அதனால் 'சேமி' என்ற பொத்தானே அதில் தேவைப்படவில்லை. எழுதியது எழுதிய இடத்தில் நிற்கும். வேறு வேலைக்குப் போய்த் திரும்பினாலும் இருக்கும்.

இடப் பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடு, உபயோகிப்பவருக்கும் சௌகரியமாக அமைந்தது. இதே குணத்தைத்தான் நம் ஆர்டர் செயலியிலும் கேட்டு வாங்க வேண்டும்.

பைலட்டுக்குப் பிறகு 2000-ஆம் ஆண்டு வாக்கில் சாதாரண செல்போன்களுக்கு ஜாவா வந்தது. அதற்கான இயக்கியின் பெயரில் இருந்த 'கே' என்ற எழுத்தே கிலோபைட்டைக் குறிப்பது. ஆரம்ப கால நோக்கியா போன்கள் சிலவற்றில் ஒரு செயலி முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. விளையாட்டுகளைக்கூட அதற்குள் எழுதினார்கள். அந்தத் தலைமுறைப் புரோகிராமர்களுக்கு ஒவ்வொரு பைட்டும் காசு. இன்று அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆனால் தேவை விட்டுப்போகவில்லை. 2017-ல் ஜியோபோன் 512 மெகாபைட் நினைவகத்தோடு வந்தது. அதே ஆண்டில் கூகுள், ஒரு ஜிபியும் அதற்குக் குறைவாகவும் நினைவகம் உள்ள போன்களுக்கென்றே ஆண்ட்ராய்டு கோ என்ற தனிப்பதிப்பை வெளியிட்டது. பின்னால் வந்த கோ பதிப்புகளுக்கு 2 ஜிபி தேவைப்படுகிறது. அப்படி வாங்கிய போன்களெல்லாம் இன்னும் நம் பையன்கள் கையில்தான் ஓடுகின்றன.

எது இடத்தைப் பிடிக்கிறது?

செயலி எழுதுபவர்களில் சிலர், "தமிழில் பெயர் வைத்தால் மெமரி அதிகம் பிடிக்கும், ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வோம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். துவரம் பருப்பு என்பதில் நம் கணக்குக்கு எட்டு எழுத்து. கருவிக்கு அப்படி இல்லை. 'து' என்றால் தகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். அப்படி எண்ணினால் 13 குறிகள். பெரும்பாலும் வழக்கத்தில் உள்ள யூனிகோடு சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். இடைவெளி ஒன்றையும் சேர்த்து 40 பைட் ஆகிறது. டூர் தால் என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 8 பைட்டில் முடிந்துவிடும். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே அவர்கள் சொல்வது பொய்யில்லை.

ஆனால் மொத்தம் எவ்வளவு? பொருள் ஒன்றுக்கு 40 பைட் என்றே வைத்தாலும் 2,000 பொருளுக்கு 80,000 பைட். பைலட் 1000-ல் இது பாதிக்கு மேல் அடைத்துவிடும். இன்றைய மிக மலிவான போனுக்கு இது ஒரு சிட்டிகை உப்பு. மறுபக்கம் படத்தைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4,000-க்கு 3,000 புள்ளி. கோப்பாகச் சில மெகாபைட்தான் இருக்கும். ஆனால் சுருக்கிக் கட்டிய மூட்டையைத் திரையில் காட்ட விரித்தால், புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் 4 கோடியே 80 லட்சம் பைட். ஒரே ஒரு சோப்புப் படம் பிடிக்கும் மேடை இடத்தில் 2,000 பொருள்களின் தமிழ்ப் பெயர்களை 600 தடவை எழுதலாம். ஆகவே தமிழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. படத்தை விடச் சொல்லுங்கள். படம் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், திறக்கும்போதே சிறிதாக்கித் திறக்கும் வழி ஆண்ட்ராய்டில் உண்டு. 100-க்கு 100 புள்ளியில் காட்டினால் 40,000 பைட்டில் முடிந்துவிடும். நம் தொழிலில் துவரம் பருப்பின் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் கடைக்காரரை நான் கண்டதில்லை.

பட்டியலைக் காட்டும் முறையும் கவனிக்கத் தக்கது. திரையில் ஒரே சமயத்தில் தெரிவது பத்து வரி. அதற்காக 2,000 பொருளுக்கும் 2,000 வரிக் கட்டங்களை மேடையில் உண்டாக்கி வைப்பது வீண். மண்டியில் சாம்பிள் காட்டப் பத்துத் தட்டு வைத்திருப்போம். ஒரு ரகத்தைக் காட்டியதும் அதைக் கொட்டிவிட்டு அதே தட்டில் அடுத்த ரகத்தைப் போடுவோம். அதுபோல மேலே நகர்ந்து மறைந்த வரியின் கட்டத்தையே கீழே வரும் வரிக்குப் பயன்படுத்த வேண்டும். தேர்ந்தவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். அவசரத்தில் செய்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எதில் சிக்கனம் கூடாது?

இப்போது ஆர்டரில் ஒரு வரியைப் பதிவு செய்வதைப் பார்ப்போம். பொருளின் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டாம், எண் போதும். 2 பைட்டில் 65,536 வெவ்வேறு எண்கள் அடங்கும். அளவைக் கிராமாக எழுத 4 பைட், விலையைப் பைசாவாக எழுத 4 பைட், வரி விகிதத்துக்கு 2 பைட். ஆக மொத்தம் 12 பைட். ஒரு கடைக்கு 40 வரி, நாளொன்றுக்கு 30 கடை என்றாலும் 14,400 பைட். சிக்னல் சரியாகக் கிடைக்காத கிராமத்திலிருந்து அனுப்புவதற்கும் இது பாரமில்லை.

சிக்கனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். "விலையும் வரியும்தான் பொருள் பட்டியலில் இருக்கிறதே, அதை ஏன் ஒவ்வொரு வரியிலும் மறுபடி எழுத வேண்டும்? எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே" என்பார்கள். வரிக்கு 6 பைட் மிச்சம். இதற்கு மட்டும் ஒப்பவே கூடாது. நெய்க்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. செப்டம்பர் 10-ஆம் தேதி போட்ட பில்லை அக்டோபரில் திரும்ப அச்சடித்தால் 12 சதவீதம்தான் வர வேண்டும். விகிதத்தைப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் செயலி, பட்டியலைத் திருத்திய அன்றே பழைய பில்கள் அனைத்தையும் 5 சதவீதமாக்கிவிடும். பில்லில் ஒன்று, தாக்கல் செய்த கணக்கில் வேறொன்று. அதிகாரி முன்னால் போய் நிற்பது புரோகிராம் எழுதியவர் இல்லை, நாம். பெயரை எண்ணாக்கலாம், விற்ற அன்று இருந்த விலையும் விகிதமும் அந்த வரியோடுதான் இருக்க வேண்டும். அதேபோல நின்றுபோன பொருளின் எண்ணை வேறு பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் போன வருடம் விற்ற பாமாயில் இந்த வருடம் பினாயிலாகத் தெரியும்.

எண்ணின் அளவிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. கூட்டல் கழித்தல் குறியோடு 2 பைட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 32,767. பைசாவில் இது 327 ரூபாய் 67 காசு. விலைக்கு 2 பைட் ஒதுக்கிய செயலியில் 15 கிலோ எண்ணெய் டின்னை ஏற்றினால் விலை தப்பாக, சில சமயம் கழித்தல் குறியோடுகூட வந்து நிற்கும். 4 பைட்டில் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய் வரை எழுதலாம். ஒரு வரிக்கு, ஒரு பில்லுக்கு அது தாராளம். மொத்த வியாபாரியின் வருட மொத்தத்துக்குப் போதாமல் போகலாம். அந்த இடத்துக்கு 8 பைட் கேளுங்கள். ரூபாயைத் தசமப் புள்ளியோடு வைப்பதும் சரிப்படாது. 10 காசு என்பதைக் கருவியின் இரண்டடிமான எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது. கூட்டிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் காசு இடிக்கும். பைசாவில் முழு எண், கிராமில் முழு எண். அதுதான் கணக்குக்குச் சுத்தம்.

சிட்டையில் உடனுக்குடன்

முன்பு கணக்குப்பிள்ளைமார் விற்பனை நடக்க நடக்கச் சிட்டையில் எழுதிவிடுவார்கள். பேரேட்டில் ஏற்றுவது பிறகு. செயலியும் ஒரு வரி முடிந்தவுடனே அதைச் சேமிப்பிடத்தில் எழுதிவிட வேண்டும். இதற்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளேயே இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்டது; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு பதிவை எழுதினால் முழுதாக எழுதும், அல்லது எழுதவே எழுதாது. பாதியில் பேட்டரி தீர்ந்தாலும் அரைகுறையாக நிற்காது.

அனுப்பும் முறைக்கும் பைலட்டிலிருந்தே ஒரு பாடம். அதைக் கணிப்பொறியோடு இணைத்தால் எல்லாப் பதிவையும் தினமும் அனுப்பாது. மாறிய பதிவில் ஓர் அடையாளம் இட்டு வைத்து, அதை மட்டும் அனுப்பும். அழித்த பதிவுக்கும் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு அடுத்த இணைப்புவரை இருக்கும். நம் செயலியிலும் மண்டியிலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதில் வரும்வரை ஆர்டரைக் கருவியிலிருந்து நீக்கக் கூடாது. அந்தப் பதில் வழியில் தொலைந்தால் கருவி மறுபடி அனுப்பும். அப்போது ஒரே கடைக்கு இரண்டு முறை வண்டி ஏற்றாமல் இருக்க, ஆர்டர் எண்ணைக் கருவியே இட வேண்டும்: இந்தக் கருவி, இத்தனையாவது ஆர்டர் என்று. அதே எண் இரண்டாம் தடவை வந்தால் மண்டியில் உள்ள கணிப்பொறி அதைத் தள்ளிவிடும்.

காலையில் நன்றாக ஓடிச் சாயங்காலம் இழுக்கும் செயலிகளும் உண்டு. வேலை முடிந்த பொருளை மேடையிலிருந்து விடாமல் பிடித்து வைத்திருப்பதால் வருவது இது. யாருக்கும் வேண்டாதவற்றைக் கருவியே கூட்டிப் பெருக்கிவிடும். ஆனால் காலிச் சாக்கின் மேல் யாரோ சீட்டுக் குத்தி வைத்திருந்தால் அதை எடுக்காது. சாக்கு சேர்ந்துகொண்டே போகும். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. காலை எட்டு மணிக்குத் திறந்து, மூடாமல், இரவுவரை நிஜ ஆர்டர்களை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒப்புக்கொள்ளும் முன் செய்து பார்க்க ஒரு சோதனை. நம்மிடம் உள்ளதிலேயே பழைய போனை எடுங்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதியில் உள்ள பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால், புரோகிராமர்களுக்கான தனிப்பகுதி திறக்கும். அதில், திரையை விட்டு அகன்ற பக்கங்களை வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். பிறகு முப்பது உருப்படி ஏற்றிவிட்டு, நடுவில் கேமராவைத் திறந்து ஒரு படம் எடுத்து, யாருக்காவது போன் பேசித் திரும்பி வாருங்கள். இன்னொரு முறை, பாதி ஆர்டரில் போனையே அணைத்துத் திறந்து பாருங்கள். முப்பது வரியும் வரிசை மாறாமல் நிற்க வேண்டும். கடைக்காரர் பெயரும் இருக்க வேண்டும். செயலி செய்பவரிடம் முதல் நாளே இந்தச் சோதனையை எழுத்தில் கொடுத்துவிட்டு, மீதித் தொகையை அது முடிந்த மறுநாள் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் போதும்.